வெள்ளைக் கை

பத்துப் பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். கூடைப்பந்து நெஞ்சிலிருந்து நெஞ்சுக்குப் பறந்து, பிடிக்கும் கைகளில் பட்டென்று அறைகிறது. "விரலை விரிச்சு வைங்க! கண்ணு பந்துமேலயே இருக்கணும்!" என்று கத்துகிறார் பயிற்சியாளர். சின்னவள் விரித்தேதான் வைத்திருக்கிறாள். அரை மணி நேரமாக ஒப்புக்குச் சப்பாணியாக நிற்கும் அவளுக்கு ஒருத்தியும் பந்து போடவில்லை. எதிரே நிற்கும் சொந்த அக்காவே அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணுக்கு எறிகிறாள். விசில். "கையைக் காட்டுங்க!" பந்தைப் பிடித்தவள் கையை அதன் புழுதி கறுப்பாக்கியிருக்கும்; வெள்ளைக் கைக்குத் தண்டனை, மைதானத்தைச் சுற்றிப் பத்துச் சுற்று ஓட்டம். சின்னவள் ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்து, வெயிலில் காய்ந்த, புழுதி படிந்த சிமெண்டுத் தரையில் உள்ளங்கைகளைத் தேய்க்கிறாள். தோல் எரிகிறது. பயிற்சியாளர் அவள் கைகளைத் திருப்பிப் பார்க்கிறார். "பரவால்லையே! நீதான் நல்லாப் பிடிச்சிருக்கே." அவள் முகம் மலர்கிறது. "அவ எங்க சார் பிடிச்சா? தரையில தேச்சா," என்கிறாள் அக்கா. வட்டமே விழுந்து விழுந்து சிரிக்கிறது. "இருபது சுத்து. ஓடு!" அவள் ஓடுகிறாள். மூன்றாவது சுற்றில் முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல்: "ஏய், பிடிடி!" சட்டென்று திரும்பி, எரியும் விரல்களை விரித்து நிற்கிறாள் சின்னவள். பந்து அக்காவின் இடுப்பிலேயே இருக்கிறது.