நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு

"இன்னா சார் சொல்றீங்க? ஜீப்பும் ஆம்புலன்ஸும் ஒண்ணா?"

சசிகலாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மலைமேல் ஓர் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்று, வார்டு மெம்பர் ஆன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டில் மருமகள் பூஜாவுக்கு இது ஏழாம் மாதம்.

எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ராஜ்குமார் சென்னைக்காரர். மலைக்கிராமங்களில் எது இருக்கிறது, எது இல்லை என்று கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது அவர் வேலை.

"நான் சொல்லலைம்மா, கணக்கு சொல்லுது. ரெண்டுக்கும் நாலு சக்கரம். ரெண்டும் நோயாளியை ஏத்துது. ரெண்டும் ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் போகுது. ஒத்துமை நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு. தொண்ணூறைத் தாண்டிட்டா ரெண்டும் ஒண்ணுதான்."

"ஜீப்பு நோயாளிய ஏத்துதுன்னு யாரு சொன்னது?"

"நீங்கதான். அவசரத்துக்கு எதுல போவீங்கன்னு காலையில கேட்டேனே?"

"வேற வண்டி இல்லாமதானே சார் அதுல போறோம்!"

"அதைப் போட இதுல இடம் இல்லையே."

"அப்ப எங்களுக்கு ஆம்புலன்ஸு?"

"எதுக்கு? இந்த மலையில ஏற்கெனவே ஆறு ஆம்புலன்ஸ் ஓடுதுன்னு காட்டுதே!"

வாசலில் சாய்ந்து நின்ற ஜீப் டிரைவர் தேவராஜ் வாயைத் திறந்தான். "சார், என் வண்டியில புளிமூட்டையும் ஏறுது, நோயாளியும் ஏறுறாங்க. அப்ப அது ரெண்டும் ஒண்ணா?"

"நல்ல பாயிண்ட். பார்க்கணும்" என்று அதையும் லேப்டாப்பில் தட்டிக்கொண்டார் ராஜ்குமார்.

ராத்திரிக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவதாகச் சொல்லி எழுந்தவர், வாசலில் கழற்றிய ஷூவுக்குள் காலை விட்டார்.

அலறினார். உள்ளே செந்தேள்.

கொஞ்ச நேரத்தில் வேர்வையில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. மூச்சு இரைத்தது. "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க... சீக்கிரம்!"

"வந்துடுச்சு சார்." தேவராஜ் ஜீப்பின் பின்கதவைத் திறந்தான். "ஆறுல ஒண்ணு."

"வாய மூடிட்டு ஓட்டுடா" என்று அதட்டிவிட்டு சசிகலாவும் ஏறிக்கொண்டாள்.

புளிமூட்டைகளின் மேல் அவரைப் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் அது கம்பியில் மோதாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வளைவு இல்லாத இடங்களில் முந்தானையால் விசிறினாள். "கண்ண மூடாதீங்க சார், தோ வந்துட்டோம்" என்று அடிவாரம் வரைக்கும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சியோடு போனபோது, ராஜ்குமார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நான் போட்ட கணக்கு தப்பும்மா. அந்த ஜீப்புல படுத்துட்டு வந்தப்பதான் தெரிஞ்சுது. உங்க எதிர்லயே மாத்திடுறேன்."

சசிகலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பூஜாவின் முகம் கண்ணில் வந்துபோனது.

அவர் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"ஜீப்பு, ஆம்புலன்ஸ் மார்க்கைத் திருத்துப்பா. தொண்ணூத்திரெண்டு ரொம்பக் கம்மி, தொண்ணூத்தெட்டு போடு. படுக்கை இருந்துச்சு, காத்து வசதி இருந்துச்சு, கூடவே ஒரு நர்ஸம்மாவும் இருந்தாங்க!"