வீரப்பனுக்குப் பிடித்த ஜாஸ்

"வீரப்பன் போயிட்டாராம்டா. இருந்த ஒரே ரசிகரும் அவுட்டு!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரம்ஸ் ராஜ்குமார் வந்து இப்படிச் சொன்னதும் தமிழ்க்குமரன் துக்கப்பட்டான். இறந்தவருக்காகக் கொஞ்சம், தனக்காக நிறைய.

தவளக்குப்பத்தில் கல்பனா நடத்தும் பாரில் சனிக்கிழமைதோறும் ஜாஸ். தமிழ்க்குமரன் சாக்ஸபோன், ராஜ்குமார் டிரம்ஸ், அவ்வளவுதான் குழு. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் முக்கால்வாசிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஊருக்கு ரசனை போதாது என்பது தமிழ்க்குமரனின் தீர்ப்பு. கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்த ஒரே ஆள் உறுவையாறு கரும்பு விவசாயி வீரப்பன்தான். எட்டு மாதமாக அவரைக் காட்டிக் காட்டித்தான் வேலையைக் காப்பாற்றி வந்தான்.

கல்பனா போனிலேயே சொல்லிவிட்டாள். "அவரு ஒருத்தருக்காகத்தான் ஓட்டினேன் தம்பி. அடுத்த வாரத்துலேர்ந்து சினிமாப் பாட்டு. கோச்சுக்காத."

துக்கம் கேட்க இருவரும் உறுவையாறு போனார்கள். கல்பனாவும் மாலையோடு வந்திருந்தாள். பந்தலில் பங்காளிகளும் மாமன் மச்சான்களுமாக ஐம்பது பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீரப்பனின் மனைவி காசம்மாள் தமிழ்க்குமரனைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை ஊதறது நீதானப்பா? வூட்ல எப்பப் பாரு உன் பேச்சுதான். இங்க கொஞ்சம் ஊதுப்பா."

"சாவு வூட்லயாம்மா?"

"இன்னா, சாவுக்கு பேண்டு வெக்கறது இல்லியா? எனக்கு உன் பாட்டுதான் வேணும். வேற எதுவும் வாணாம்."

"இதெல்லாம் எதுக்கு அண்ணி?" என்றார் பங்காளி முத்துசாமி.

"என் புருஷன், என் இஷ்டம்" என்றாள் காசம்மாள்.

தமிழ்க்குமரனுக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகக் கல்பனாவிடம் போனான். "பாத்தியாக்கா? நம்ம பாட்டுக்கு இன்னா மவுசு! இந்தக் கூட்டம் ஒரு மணி நேரம் உக்காந்து கேட்டுச்சின்னா இன்னும் ஆறு மாசம் குடுப்பியா?"

பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்லக் கல்பனாவுக்கு வாய் வரவில்லை. "சரி, கேட்டா குடுக்கறேன்" என்றாள்.

ராஜ்குமார் ஆட்டோவில் போய் டிரம்ஸையும் சாக்ஸபோனையும் அள்ளிக்கொண்டு வந்தான். தமிழ்க்குமரன் கண்ணை மூடி ஊத ஆரம்பித்தான். கண்ணைத் திறந்து வாசித்தால் அது ஜாஸே இல்லை என்பது அவன் கொள்கை. உயிரைக் கொடுத்து ஊதினான். கொஞ்ச நேரத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. ஒப்பாரி நின்றது. ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. மொத்தக் கூட்டமும் மயங்கிக் கிடக்கிறது என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த ஆறு மாதம் கைக்கு வந்தாயிற்று.

ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான்.

ஐம்பது நாற்காலிகள் இருந்தன. ஆள் ஒருவரும் இல்லை. கல்பனாவின் ஸ்கூட்டரையும் காணவில்லை. வீரப்பன் மட்டும் வழக்கம்போல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

காசம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து ஆற அமர டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சொன்னது சரியாத்தாம்பா கீது" என்றாள். "'இவன் ஊத ஆரம்பிச்சா பார்ல ஒருத்தன் தங்கமாட்டான், நிம்மதியா உக்காந்து குடிக்கலாம்'னு சொல்லுவாரு. காலைலேர்ந்து பொணத்த வெச்சிக்கினே நெலத்த எப்ப பிரிக்கலாம்னு என் உசுர எடுத்தானுங்க. தூக்கற நேரத்துக்கு வந்துடுவானுங்க, வுடு. பதினாறாம் நாள் கருமாதிக்கும் மறக்காம வந்துடுப்பா, அன்னிக்கிதான் அத்தினி பேரும் பத்திரத்தோட வரானுங்க!"