அடா ஹாலோவேயின் குரல்

அமெரிக்க இல்லங்கள் அனைத்துக்கும் ஓர் அறிவிப்பு: நாட்டின் தலைசிறந்த குடும்பத் தலைவி திருமதி அடா ஹாலோவே இன்னும் சில நொடிகளில் வானொலியில் திருவாய் மலர்ந்தருளுவார்.

அப்படி ஒருவர் கிடையாது.

மினியாபோலிஸில் ஒரு மாவுக் கம்பெனியின் விளம்பரப் பிரிவில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான்கு ஆண்கள் கூடிப் பெற்ற பிள்ளை அவர். நால்வரில் ஒருவருக்கும் முட்டை வேகவைக்கத் தெரியாது.

இதுவரை அவராகப் பேசிவந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டதால், இன்று மைக் முன்னால் மிஸ் ஹில்மா எங்ஸ்ட்ராண்ட். ஒழுங்காகப் பேசினால் வேலை நிரந்தரம். ஊரில் பாதி ஆலைகள் மூடிக் கிடக்கிற காலம்; இதுவும் போனால் வாடகைக்கு வழியில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"புதுசாக் கல்யாணமான தங்கச்சிகளே, கேக் அமுங்கிப்போச்சுன்னு அழுதுட்டு நிக்காதீங்க. ஆப்பிளை வதக்கி மேல கொட்டி, இதுதான் எங்கம்மா வீட்டுப் பக்குவம்னு சொல்லிடுங்க. கேட்டு வாங்கிச் சாப்பிடுவாங்க."

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று ஹில்மாவுக்கே தெரியவில்லை. அடுப்புச் சூடும் ஏலக்காய் மணமும் அதில் இருந்தன.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுக்காரன் சாண்ட்விச்சைக் கடித்த வாயோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். தரை துடைக்க வந்த அம்மாள் ஈரத் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். சாவு வீட்டில்கூடத் தொப்பியைக் கழற்றாத, கம்பெனியின் துணைத் தலைவர் பிரெஸ்காட், கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

இப்படி ஒருத்தி நிஜமாகவே இருந்தால், அவள் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று ஹில்மாவுக்கே தோன்றியது.

விளக்கு அணைந்தது.

பிரெஸ்காட் உள்ளே வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"இனிமே நீங்கதாம்மா அடா ஹாலோவே. சாகுற வரைக்கும் நீங்கதான்."

அப்போது, வெளியே ஒலிபெருக்கியருகே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு நெட்டை மனிதன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கண்ணெல்லாம் ஈரம். ஹில்மாவைத் தவிர அந்த அறையில் வேறு யாரும் அவன் கண்ணில் படவில்லை.

"அடிப்பாவி, நேத்து நம்ம வீட்டுல நான் மூணு துண்டு தின்னேனே, அது அமுங்கின கேக்கா?"

பிரெஸ்காட் அவள் கையை விட்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

கல்யாணமான பெண்களுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடையாது.