மேற்கு ஓரத்து இடம்

"அந்த ஆளுக்கு வெக்கமே இல்லையா?"

ட்ரக்கை விட்டு இறங்கும்போதே என் வீட்டுக்காரர் டெல்பர்ட் கத்தினார்.

கோபம் நியாயம்தான். அரிசோனாவுல இந்த கேம்ப்ல மலையும் சூரியன் மறையறதும் தெரியுற இடம் மேற்கு ஓரத்துல ஒண்ணே ஒண்ணு. முதல்ல வர்றவங்களுக்குத்தான் அது. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி வந்தா, வருஷா வருஷம் இங்கே வர்ற எங்க பழைய சிநேகிதர் ஹார்லன் தன் பூதம் மாதிரி வண்டியை அங்கே நிறுத்திட்டுக் காபி குடிச்சிக்கிட்டு இருக்கார்! அதுக்குப் பின்னாடிதான் எங்களுக்கு இடம்.

ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறது ட்ரக் முதுகுல மாட்டி இழுக்குற ட்ரெய்லர் வீடுதான். எங்களது லேசு. ஹார்லனோடது கனத்த சுவர், ரெட்டைக் கண்ணாடி, எங்களதைவிட ரெண்டு மடங்கு எடை.

"வாய்யா டெல்பர்ட்! பிஸ்கட் டப்பாவும் வந்துடுச்சா?"

"உன் யானை மேடு ஏறணுமே, போன வாரமே கிளம்பிட்டியாக்கும்!"

இருபது வருஷமா இதே பேச்சு.

எனக்கு வேற கவலை. போன வருஷக் காத்துல எங்க வண்டி ஆடின ஆட்டத்துல தலை சுத்திப் படுத்துட்டேன். "இன்னொரு தடவை ஆடினா வித்துடணும்"னு அப்பவே ஹார்லன் உள்பட எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். டெல்பர்ட் முகமே வாடிப்போச்சு. அந்த வண்டின்னா அவருக்கு உயிர்.

மறுநாள் மத்தியானம் மேற்கே இருந்து காத்து கிளம்பிச்சு. யம்மாடி! அடுத்த வரிசையில குடை, நாற்காலி எல்லாம் பறந்தது. நான் கட்டிலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

வண்டி அசையலை. மேஜையில இருந்த காபிகூடத் தளும்பலை.

"பார்த்தியா நோரீன், என் வண்டியை!" டெல்பர்ட் குதிச்சார். "இப்போ விக்கச் சொல்லு பார்ப்போம்!"

"சத்தியமா சொல்லமாட்டேன்!" எனக்கும் சந்தோஷம் தாங்கலை.

காத்து அடங்கினதும் கேம்ப் ஆபீஸுக்குப் போனேன். "இருந்தாலும் ஹார்லன் பண்ணது அநியாயம்"னு அங்கே வேலை பார்க்குற ட்வைலாகிட்ட பொரிஞ்சேன்.

அவ சிரிச்சா.

"மூணு நாள் முன்னாடியே வந்து, பின்னாடி இடத்தை உங்களுக்குன்னு பிடிச்சு வெச்சதே அவர்தான். 'காத்து மேற்கே இருந்துதான் வரும், என் கனத்த வண்டி குறுக்கே நின்னா அவங்களது ஆடாது'ன்னார். 'டெல்பர்ட்கிட்ட சொல்லிடாதே, அவன் தன் வண்டியை நினைச்சுப் பெருமைப்படட்டும்'னார்."

ஜன்னல் வழியா ஹார்லனோட வண்டியை எட்டிப் பார்த்தேன்.

"எப்பப் பாரு கிண்டல் பண்ற மனுஷன், எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?"

"நானும் கேட்டேன். 'அவங்க அந்த வண்டியை வித்துட்டா, அப்புறம் நான் யாரைக் கிண்டல் பண்றது?'ன்னார்."