காற்று திரும்புகிற நேரம்

மே மாதத்து வெயில் எதிர்ச்சரிவில் இன்னும் காய்கிறது. ரிஸ்தென் அண்ணனோடு பாறை மறைவில் குப்புறப் படுத்துத் தொலைநோக்கியைக் கண்ணில் அழுத்திக்கொண்டிருக்கிறாள். அங்கே அவர்களுடைய துருவமான் ஒன்று இப்போதுதான் ஈன்ற கன்றை நக்குகிறது. கன்றின் உடம்பில் ஆவி பறக்கிறது. இவர்களுக்குப் பின்னால் மேற்கு வானம் ஈயமாகக் கறுக்கிறது. அண்ணன் நீலாஸ் கைப்பேசியை நீட்டுகிறான்: ஒரு மணி நேரத்தில் பனி, சூறைக்காற்று. "கீழ காட்டுக்குள்ள ஓட்டிரலாம்ணா. ஈரம் காயறதுக்குள்ள குட்டி வெறச்சுச் செத்துரும்." "எந்திரிச்ச, காலை ஒடச்சிருவேன். ஆள் வாடை பட்டா தாய் குட்டிய விட்டுட்டு ஓடிரும். அப்புறம் நீயா பால் குடுப்ப?" "சாகறத வேடிக்கை பாக்கறதுக்குப் பேரு மேய்ப்பா?" "ஆமா. வாய மூடு." கன்று எழுந்திருக்கப் பார்க்கிறது, முன்னங்கால் மடிந்து மூக்கு பாசியில் குத்துகிறது. மறுபடி எழுகிறது. ரிஸ்தெனின் பிடரியில் சில்லென்று ஏதோ படுகிறது. இவ்வளவு நேரம் முகத்தில் அடித்த காற்று இப்போது முதுகைத் தள்ளுகிறது. இவர்களைத் தாண்டி நேராக அந்தச் சரிவுக்குப் போகிறது. அண்ணன் கை அவள் தோளை இறுக்குகிறது. தாய் நக்குவதை நிறுத்தித் தலையைத் தூக்குகிறது. ரிஸ்தென் மூச்சை அடக்குகிறாள், அடக்கினால் வாடை போகாது என்பதுபோல.