வற்றாத குளம்

மீன் வளர்க்கக் குளம் தேடி அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து, மச்ச மாமிசம் தொடாத, ஊரை அதிகாரம் பண்ணும் விதானையார் சிற்றம்பலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெரிவாகும் குளத்தின் கரையில் சொந்தக்காரரின் பெயரோடு அரசாங்கப் பலகை நாட்டுவார்களாம். ஊரில் இருந்ததோ இரண்டே குளங்கள். ஒன்று அவருடையது. மற்றது பக்கத்துக் காணி ஏரம்புவுடையது.

ஆனி வெயிலிலும் விதானையாரின் குளம் கரைமுட்ட நின்றது.

"இது வத்திறதில்லையோ?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"என்ரை அறிவிலை ஒருக்காலும் வத்தினதில்லை, ஐயா."

"அப்ப சரிவராது. வருசத்துக்கு ஒருக்கா அடியோடை காய்ஞ்சால்தான் குஞ்சுகளைத் தின்னுற விரால் சாகும்."

சொல்லிக்கொண்டே அவர், வெடித்துக் கிடந்த ஏரம்புவின் குளத்துக்குள் இறங்கினார்.

"இதுதான் திறம். ஆரின்ரை குளம்?"

ஏரம்பு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே வந்தான்.

"என்ரைதான், ஐயா. ஆனால் புண்ணியம் விதானையாருக்கு. நுளம்பு பெருகிக் கடிச்சுக் காய்ச்சல் வருது, தண்ணி முழுக்க இறை எண்டு போன மாசம் அவர்தான் கட்டளை போட்டவர்."

"அவ்வளவு தண்ணியையும் எங்கை விட்டனீ?"

"அந்த இடத்தையும் அவர்தான் காட்டினவர்" என்ற ஏரம்பு, விதானையாரின் குளத்தைக் கைகாட்டினான்.