பொந்தை வைத்து ஆடிய மைனா

மழை திரண்டு நின்றது. குட்டி போடப்போகும் அணிலுக்கு இடம் வேண்டும். புங்கமரத்தின் ஒரே பொந்து மைனாவிடம் இருந்தது. கேட்டால் தராது. கடலையைப் பந்தயம் வைத்துப் போக்கர் சீட்டு ஆட மட்டும் தினமும் கூப்பிடும்.

அன்று ஆமை சீட்டுப் போட்டது. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். நடுவில் ஐந்து, இருவருக்கும் பொது. ஐந்தாவது சீட்டு விழுந்தபோது நடுவில் சிவப்பு இதயம் போட்ட ஆர்ட்டின் சீட்டு மூன்று சேர்ந்துவிட்டது. கையில் இன்னும் இரண்டு ஆர்ட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனம்; அவரை அடுத்தடுத்த எண் கொண்ட வரிசைச் சீட்டால் வெல்ல முடியாது.

முதல் முறை அணிலுடையது. "செக்" என்று ஒன்றும் வைக்காமல் விட்டது.

"ஆர்ட்டின் இருந்தா சும்மா விடுவியா அக்கா? வாலே நடுங்குதே!" மைனா தன் கடலை முழுவதையும் நடுவில் தள்ளியது.

அணில் அதற்கு ஈடு வைத்தது. பிறகு மழைக்காலத்துக்குச் சேர்த்த அத்தனையையும் மேலே கொட்டியது.

"ரெய்ஸ், தம்பி."

"ஈடு வைக்க என்கிட்ட ஏது கடலை?"

"பொந்து இருக்கே."

"யோசிச்சு ஆடுப்பா" என்றது ஆமை.

"சும்மா மிரட்டுறா. என் சீட்டு வரிசையா நிக்குது. வச்சேன் பொந்தை!"

அணில் சீட்டைத் திருப்பியது. ஆர்ட்டின் ஆஸ், ஆர்ட்டின் ராஜா.

முதல் தூறல் விழுந்தது. குவிந்த கடலையைத் திரும்பிக்கூடப் பாராமல் அணில் பஞ்சைக் கவ்விக்கொண்டு மரம் ஏறியது.

"அப்போ எதுக்கு அக்கா முதல்ல சும்மா இருந்தே?" மைனா கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தது.

அணிலின் வாய் நிறையப் பஞ்சு.